அக்கா உட்கார்ந்த நாற்காலி

வீடியோ பார்த்தே இங்கிலீஷ் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கற்றுக்கொள்ள முடியாது என்பதற்காக இல்லை. நாங்கள் கற்றுக்கொண்டோம், நன்றாகவே கற்றுக்கொண்டோம். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

லுணுகலை டவுனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்பது வாய்ப்பழக்கம். லயம் என்கிற வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைகூட எங்களுடையது இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் மாற்றலாகிப் போய் ஒன்றரை வருடமாகியும் வேறு ஆள் வரவில்லை. அக்கா பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். தோட்டத்து ஆபீசில் ஒரு கிளார்க் வேலை காலியாகப் போகிறது, இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதும் என்று, மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் சொன்னார். லயத்துப் பெண் ஒருத்தி அந்த ஆபீசில் வேலைக்கு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அம்மா அன்றிலிருந்து அக்காவை அடுப்படிப் பக்கமே வரவிடவில்லை.

அக்கா போனில் ஒரு வாத்தியாரைக் கண்டுபிடித்தாள். வெளிநாட்டு டீவியில் நடிகர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை கேட்பார்களே, அந்த நிகழ்ச்சிகளை அவர் நடுநடுவே நிறுத்தி, அன்றாடம் பேசுகிற சொற்களை விளக்குவார். ஒரு நடிகை தன் பிள்ளை குளிக்க அடம்பிடிப்பதைச் சொல்லிச் சிரிப்பாள். அடம்பிடிப்பதற்கு எங்களுக்கு இங்கிலீஷ் கிடைத்துவிடும். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் லேட் என்பான் ஒரு நடிகன். எங்கள் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். இருந்தாலும் அதையும் மனப்பாடம் செய்தோம்.

கோயில் மேட்டில் சிக்னல் பிடித்து வீடியோவை இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் ஒத்திகை நடக்கும். பதினொரு வயதுக்காரியான நான் நிகழ்ச்சியை நடத்துகிறவள். அக்கா பெரிய நடிகை. அவள் கதவைத் திறந்துகொண்டு கையசைத்தபடி வருவாள். நான் "ப்ளீஸ், ஹேவ் எ சீட்" என்பேன். அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்து, என்னை அழைத்ததற்கு நன்றி என்று இங்கிலீஷில் சொல்வாள். கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மா ஒரு சொல்லும் புரியாமல் விழுந்து விழுந்து சிரிப்பார். இரண்டே மாதத்தில் அக்கா தங்குதடையில்லாமல் பேசினாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

நேர்முகத்துக்குப் போன அன்று துணைக்கு நானும் போனேன். ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே போனால் கைகட்டி நிற்க வேண்டும். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். தோட்டத்து மேனேஜரான துரையின் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி உண்டு. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதில் உட்காருவார்கள். நான் வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

அக்கா உள்ளே போனாள். குட் மார்னிங் சொன்னாள். துரை கோப்பிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என்னை அழைத்ததற்கு நன்றி என்றாள். பக்கத்தில் நின்றிருந்த கணக்கப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. எழுந்திரு, எழுந்திரு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் துரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள். துரை மூன்றாவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

வேலை ஃபேக்டரி ஆபீசர் ஒருவரின் சொந்தக்காரப் பையனுக்குப் போனது. அவன் பேசிய இங்கிலீஷை நான் பிறகு கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதினால் பேனா கூசும்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளை அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம் மக தொரைக்குச் சரிசமமா ஒக்காந்துட்டாளே, நாளையிலருந்து ஒனக்கும் மலையில ஒரு நாக்காலி போடச் சொல்லவா?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா அன்று தலையைக் குனிந்துகொண்டே கொழுந்து பறித்து, மாலையில் நேராக என்னிடம் வந்தார். அக்கா வளர்ந்தவள், கை வைக்க முடியாது. முதுகில் எனக்குத்தான் விழுந்தது.

"ஒக்காரு ஒக்காருன்னு தெனமும் நீதானடி அவள ஒக்கார வச்ச!"

எனக்கு அடி வாங்கிய வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். உட்கார்ந்தது அவள், உதை எனக்கா? அக்கா அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஆனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாக் கோபத்தையும் சேர்த்து வீடியோக்கார வாத்தியார் மேல் போட்டேன். கோயில் மேட்டுக்குப் போய், அக்காவின் போனிலேயே, அவர் கற்றுக்கொடுத்த இங்கிலீஷிலேயே வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: நீங்கள் ஒரு பொய்யர், உங்களால் என் அக்காவின் வேலை போய்விட்டது. இரண்டு நாளில் மூன்று பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். யார் அந்த மூன்று அறிவாளிகள் என்று இன்றுவரை தெரியாது.

அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அந்த மனுசன் என்னடி செஞ்சாரு, பாவம்" என்று சொல்லி அதை அழித்துவிட்டாள். வேலை கைநழுவிப் போனவள் எப்படிச் சிரிக்கலாம் என்று நான் ஒரு வாரம் அவளோடு பேசவே இல்லை. அடுத்த மாதமே அவள் பதுளையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு தோட்டத்தை விட்டுப் போனாள்.

எட்டு வயதிலிருந்து அம்மாவோடு அந்த ஆபீசுக்குப் போய்ப் போய், செருப்பைக் கழற்றி, கைகட்டி நின்றவள் அவள். அந்த நாற்காலி யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு மாதம் வீடியோ பார்த்தால் அது மறந்துபோகுமா? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கு வேலை கிடைக்காமல் போனதே தினமும் அவளை உட்காரச் சொன்ன என்னால்தான் என்று நம்பி, போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.