அப்பாவின் முறை

தூக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியவர் இந்தக் கதையின் அப்பா. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவர், வழியில் மடிக்காமல் குவித்திருந்த துணிமேல் சாய்ந்து அப்படியே உறங்கிப்போனார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பேருந்து நிறுத்தம்வரை ஆள் போய்த் தேடியிருக்கிறார்கள். அன்றைக்கு மச்சினர்கள் வைத்த பெயர் கும்பகர்ணன். அவரும் அதை ஒரு பட்டம் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தார். யார் கண் பட்டதோ, அந்த மனிதர் மகள் பிறந்த நாளிலிருந்து ஒரு முழுத் தூக்கம் தூங்கவில்லை. மகளுக்கு இப்போது ஆறு வயது.

வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மூச்சுக்குழல் சுருங்கிப் பிறந்தவள். கழுத்தின் கீழ்ப்பக்கம் துளையிட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் போய்வருகிறது. சளியும் அங்கேதான் வந்து சேரும். சேர்ந்தால் உடனே மெல்லிய டியூப்பை உள்ளே விட்டு மெஷினால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடைத்துக்கொண்டால் விபரீதம். சாப்பாடு வயிற்றில் இருக்கும் இன்னொரு குழாய் வழியே. கால்களில் பலம் போதாது என்பதால் பெரும்பாலும் சாய்வு நாற்காலியில்தான் இருப்பு. இதையெல்லாம்கூடப் பழகிக்கொண்டார்கள். பழக முடியாமல் போனது ஒன்றுதான். மூச்சு தொண்டைக்கு மேலே ஏறாததால் அவளுக்குக் குரல் கிடையாது. அழுதால் முகம் கோணும், கண்ணீர் வரும், சத்தம் வராது. மற்ற வீடுகளில், பிள்ளை அழுதால் எழுந்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் பெற்றவர்கள் கண்ணை மூடுகிறார்கள். இந்த வீட்டில் யாராவது ஒருவர் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் தூக்கத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அவர் பல்செட் செய்யும் பட்டறையிலிருந்து சாயங்காலம் திரும்பியதும் அவள் உள்ளறையில் போய் விழுவாள். சாப்பாட்டு நேரம் தாண்டி அவள் எழுந்து வந்தால் இவர் படுப்பார். விடிவதற்கு முன் மறுபடி இவர் முறை. இரவில் சிட்டுவின் விரலில் ஒரு கிளிப் மாட்டி வைப்பார்கள். மூச்சு குறைந்தால் அதோடு சேர்ந்த மெஷின் ஊரைக் கூட்டும். அவள் விழித்திருக்கும்போது கை ஆடிக்கொண்டே இருப்பதால் அது சும்மா சும்மா கத்தும், கழற்றிவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு மணி. கடைக் கல்லாவில் இருக்குமே, தட்டினால் டிங் என்று கேட்குமே, அது. நாற்காலிக் கையில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். சளி வந்தால் தட்ட வேண்டும் என்பதை நாலு வயதிலேயே கெட்டிக்காரத்தனமாகக் கற்றுக்கொண்டாள்.

பாகப்பிரிவினை என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா?

"நேத்து நீங்க அரைமணி கூடத் தூங்கினீங்க" என்பாள் மனைவி.

"அது தூக்கமா? பாத்ரூம்ல இருந்தேன்."

"பாத்ரூம்லேர்ந்து குறட்டை கேட்டுச்சே."

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் அது உயிர் போகிற விஷயம். ஒருவர் தூங்குவதைப் பார்த்தால் மற்றவருக்கு வயிறு எரியும். எரிந்ததற்காகப் பிறகு வெட்கமாகவும் இருக்கும்.

பட்டறையில் மெழுகில் பல்வரிசை அடுக்குவது அவர் வேலை. ஒருநாள் கண் சொருகிக்கொண்டு, இடது கோரைப்பல்லை வலதிலும் வலதை இடதிலும் வைத்துவிட்டார். முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதப் போட்டுக்கப் போற பெரியவர் கண்ணாடியில மட்டும்தான் ஒழுங்கா சிரிப்பாரு போல. யோவ், கொஞ்சம் தூங்கிட்டு வாய்யா!" இந்த யோசனையைச் சொல்லாத ஆளே கிடையாது. அக்கம்பக்கம், சொந்தபந்தம், எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஒரு ராத்திரி வந்து உட்காருகிறேன், நீங்கள் படுங்கள் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. டியூப்பைப் பார்த்தாலே அவர்களுக்குக் கை நடுங்குகிறது, குறை சொல்லக் கூடாது என்பார் அவர். எனக்கு என்னவோ குறை சொல்லத்தான் தோன்றுகிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்கும் ஒரு நல்ல காலம் பிறந்தது. சாயங்காலங்களில் சிட்டுவுக்குச் சளி குறைந்தது. அம்மாவிடம் இருக்கும்போது ஓயாமல் மணியடிப்பவள், அப்பாவின் முறையில் ஒரு தடவை அடித்தால் அதிசயம். சில நாள் அதுவும் இல்லை.

"எத்தனை தடவ எடுத்தீங்க?" என்று எழுந்து வந்ததும் கேட்பாள் மனைவி.

"ஒண்ணே ஒண்ணு."

"என்னை மட்டும் உக்கார விடமாட்டேங்கிறா. அப்பான்னா தனி ராசிதான்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். பட்டறைக்குப் போய்க் காற்றோட்டத்தைப் பற்றி முதலாளிக்கே பாடம் எடுத்தார். நடுநடுவே கண்ணயர்ந்துவிடுவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மணி அடித்தால் எழுந்துவிடப் போகிறோம், பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முகம் மலர்ந்தார். மூச்சுக்குழலை அகலப்படுத்தப் போன வருடமே ஆபரேஷன் ஆகியிருந்தது. சளி குறையட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். "சாயங்காலம் முடியுதுன்னா மத்த நேரமும் முடியும். குழாயைச் சின்னதா மாத்திட்டு, கொஞ்ச நேரம் மூடி வச்சுப் பாப்போம். தாங்கிக்கிட்டா மெதுவா எடுத்துடலாம். குரலும் வந்துடும்" என்றார். தேதியும் கொடுத்தார்.

திரும்பும்போது பேருந்தில் புருஷனும் பெண்டாட்டியும் வெகுநாளைக்குப் பிறகு பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குரல் யாரு மாதிரி இருக்கும்?"

"என்னை மாதிரி இருந்தா தெருவே காலி பண்ணிட்டுப் போயிடும்" என்றார் அவர்.

"இருக்கட்டுமே. அம்மான்னு ஒரு தடவ கத்தட்டும். கத்துவான்னு தெரிஞ்சா போதும், நானும் தூங்கிடுவேன்."

அந்தத் தேதிக்கு முந்தின வாரம் அவருக்குப் பல்வலி வந்தது. ஊருக்கெல்லாம் பல் செய்கிறவருக்குச் சொந்தப் பல்லைப் பார்க்க நேரமில்லை. சாயங்காலம் சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வலியில் தூக்கம் வரவில்லை. குழாயிலிருந்து களகளவென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மணி அடிக்கப் போகிறாள் என்று கண்ணைப் பாதி திறந்து பார்த்தார்.

சிட்டுவின் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை மணிமேல் போனது. போன கை நின்றது. அவரைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இறுகப் பிடித்தபடி உடம்பெல்லாம் குலுங்க இருமினாள். குழாயின் வாய்க்கு வந்த சளியைத் துண்டால் துடைத்தாள். பாதிதான் வந்திருந்தது. உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியது. அடுத்த இருமலுக்கு முன், கை பட்டு மணி ஒலித்துவிடக் கூடாதென்று தன் சின்னத் தலையணையை எடுத்து அதன்மேல் சாய்த்து வைத்தாள்.

அவர் பாய்ந்து எழுந்தார். மெஷினைப் போட்டு, டியூப்பை விட்டு உறிஞ்சினார். வந்த சளியைப் பார்த்தால் ஒரு நாளைய சளி போல இருந்தது. உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"ஏண்டா கண்ணு மணி அடிக்கல?"

சிட்டு வாயசைத்துத்தான் பேசுவாள். அதைப் படிக்க அவர்களுக்குத் தெரியும். 'நீ தூங்குற' என்றாள்.

"எப்பவும் இப்படித்தான் பண்றியா?"

'நீ தூங்கினா மட்டும். அம்மா தூங்க மாட்டாங்க, அதனால அடிப்பேன்.'

ராசியும் இல்லை, ஜன்னலும் இல்லை. அவர் தூங்கிய ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறியபடி அவருக்கு விட்டுக்கொடுத்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அழுகை வெளியே வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் மனைவி தூக்கம் கலைந்து ஓடி வந்தாள். கண்ணயர்ந்தது முதல் ஒன்று விடாமல் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அப்ப சளி குறையவே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா தேதியை ரத்து செய்தார். மூடுவதற்கு முன்னால் தெரிந்ததே நல்லது, இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலமும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார்கள். அது கத்திய கத்தலில் உள்ளறையில் மனைவிக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று, இரண்டே நாளில் கழற்றச் சொல்லிவிட்டாள். அவர் உட்காராமல் நின்றுகொண்டே காவல் இருந்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார். கிள்ளிக் கிள்ளித் தொடை கன்றிப்போனது. உடம்பு ஒன்றையும் கேட்கவில்லை. நின்றபடியே தூங்கிச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் சிட்டுவின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "அப்பா தூங்கினாலும் அடி. செத்த மாதிரி கிடந்தாலும் அடி. சரியா?"

தலையாட்டினாள். கொடுத்த சத்தியத்தை அவள் மீறவில்லை. இப்போதெல்லாம் அப்பாவின் முறையிலும் மணி ஓயாமல் அடிக்கிறது. அவர் தூக்கிவாரிப்போட்டு எழுகிறார், சளியை எடுக்கிறார். எடுத்து முடித்ததும் சிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி வாயசைக்கிறாள். 'ஸாரிப்பா.' ஒவ்வொரு தடவையும்.

"ஸாரியெல்லாம் சொல்லக் கூடாதுடா கண்ணு. அப்பாவுக்குத் தூக்கமே வரல" என்கிறார் அவர்.

சிட்டு அவருடைய சிவந்த கண்ணைப் பார்க்கிறாள். அதற்கும் ஒரு ஸாரி சொல்கிறாள்.