தம்பி அனுப்பிய கொலைப்பாட்டுகள்

என் தம்பிக்கும் எனக்கும் எட்டு மாதம் பேச்சு இல்லை. காரணம் சொத்து இல்லை, நகை இல்லை. சர்ச் பாடகர் குழு ஒத்திகையில், இருபது பேர் முன்னால், கிட்டாரை நிறுத்திவிட்டு, "அக்கா, உனக்குச் சுருதி நிக்கல. நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றான். என்னைவிட ஏழு வயது சின்னவன். அவனுக்கு மூக்கு ஒழுகினால் துடைத்துவிட்டவள் நான்! பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தவள்தான். அடுத்த வாரத்திலிருந்து அவன் வாசிக்கும் ஆராதனையை விட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் காலை ஏழு மணி ஆராதனைக்கு ஓட ஆரம்பித்தேன்.

நான் சிட்லபாக்கம், அவன் செம்பாக்கம். ஷேர் ஆட்டோவில் பதினைந்து நிமிடம். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு உள்ளூர ஒரு கவலை. நவம்பரில் அம்மாவின் நினைவு நாள். அன்று அவன் வீட்டில் ஜெபம் நடக்கும். அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையை நாங்கள் இரண்டு பேரும்தான் பாடுவோம். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இந்த முறை கூப்பிடுவானா, கூப்பிட்டால் நான் போவேனா, போனாலும் வாயை மட்டும் அசைத்துவிட்டு வருவதா?

ஜூலையில் ஒரு நாள் அவனிடமிருந்து போனில் ஒரு பாட்டு வந்தது. ஒரு வார்த்தை இல்லை, வெறும் லிங்க். சரி, இறங்கி வருகிறான் என்று காதில் மாட்டினேன். யாரோ ஒரு அமெரிக்கக் கிராமத்தான், கரகரத்த தொண்டை, கையில் ஒரே ஒரு கிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக இங்கிலீஷ் எடுப்பவள். பாட்டானாலும் வரிவரியாகத்தான் கேட்பேன். மூன்றாம் சரணத்தில் அந்தப் பாவி தன் அக்காவைச் சோளக்காட்டில் புதைத்தான். நாலாம் சரணத்தில் அங்கே சோளம் அமோகமாக விளைந்தது.

"பாருங்க, என்னைப் புதைச்சுட்டானாம்!" என்று கணவரிடம் போனை நீட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ட்யூன் நல்லாத்தானே இருக்கு" என்றார். இந்த வீட்டில் எனக்கென்று பேச ஒரு நாதி கிடையாது.

விடுவேனா? அந்தப் பாட்டுக்குக் கீழேயே அதன் பங்காளிகள் எல்லாம் வரிசை கட்டி நின்றார்கள். இரண்டு நாள் தேடி, தம்பிக்குச் சாராயத்தில் விஷம் வைக்கும் ஓர் அக்காவைக் கண்டுபிடித்தேன். பின்னால் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் படபடவென்று அடித்துக்கொள்ள, அவள் பாட்டுக்கு நிதானமாக ஊற்றிக்கொடுக்கிறாள். அனுப்பினேன். பதிலுக்குத் தூக்கிப் பிடித்த கட்டைவிரல் ஒன்று வந்தது. எவ்வளவு திமிர்!

அப்புறம் வாரத்துக்கொன்று, பத்து நாளுக்கொன்று என்று போனது. அவன் ஆற்றில் தள்ளினால் நான் கிணற்றில் தள்ளினேன். சரக்கு தீர்ந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பிசிக்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். அந்தச் சாதுவின் போனில் ஒரு சுடுகாடே இருந்தது. நடுவில் இன்னொன்றும் நடந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு அந்தப் பாட்டுகள் பிடித்துப் போய்விட்டன. பீன்ஸ் நறுக்கும்போது கேட்டேன், ஏரிக்கரையில் நடக்கும்போது கேட்டேன். எதிரே வந்த ரிட்டயர்டு சார் ஒருவர், "காலையிலேயே பக்திப் பாட்டா மேடம்? வெரி குட்" என்றார். அந்த நிமிடம் என் காதுக்குள் ஒரு பாதிரியாரைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆமா சார்" என்றேன்.

நினைவு நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது பதினோராவது பாட்டு வந்தது. அதில் ஒருவன், அம்மாவின் கல்லறைக்கு அக்கா வரக்கூடாது என்று கேட்டைப் பூட்டுகிறான். என்னால் தாங்க முடியவில்லை. அவன் அனுப்பிய பாட்டுகளை எல்லாம் வரிவரியாகக் குறிப்பெடுத்து வைத்திருந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி போனதில் செம்பாக்கம் தாண்டியதே தெரியவில்லை. "இன்னாம்மா, எவ்ளோ நேரமா கூப்டுகினு கீறேன்! காதுல இன்னாத்த மாட்டிகினு கீற?" என்று டிரைவர் கத்தினார். அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கதவைத் திறந்த தம்பி, நேற்றுத்தான் பார்த்ததுபோல, "வா அக்கா" என்றான். அவன் மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே காபி போடப் போய்விட்டாள். நான் உட்காரவில்லை. சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட நோட்டை அவன் முன்னால் விரித்தேன்.

"பதினோரு பாட்டு. பதினாலு பொணம். அதுல அஞ்சு அக்கா. மனசுல என்னடா நெனச்சிட்டிருக்க?"

நோட்டைப் புரட்டப் புரட்ட அவன் முகம் வெளிறியது. "ஐயோ, இதெல்லாமா பாடுறானுங்க?"

"நீதானே அனுப்பின?"

"வார்த்தையை எல்லாம் யாரு கேட்டா? நான் கிட்டாரையும் குரலையும்தான் கேட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "அந்தக் குரலுங்களைக் கேளு அக்கா. ஒருத்தனுக்காவது சுருதி நிக்குதா? பதினோரு பேரும் வழுக்கி வழுக்கித்தான் போறாங்க. ஆனா கேட்டா மனசு என்னமோ பண்ணுது. மொதல் ஆளைக் கேட்டப்பவே உன் ஞாபகம்தான் வந்துச்சு. அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு தோணிச்சு."

"அதை வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா? ஒரு சாரி கேக்கத் தெரியாதா உனக்கு?"

"கேட்டேனே. பதினோரு தடவை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்போ நான் அனுப்பினதுக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினியே?"

"நீயும் மன்னிச்சிட்டே இருக்கேன்னு நெனச்சேன்."

நான்கு மாதமாக அவனுக்கு விஷம் வைத்து, கிணற்றில் தள்ளி, கழுத்தை நெரித்திருக்கிறேன். அத்தனையையும் அவன் மன்னிப்பு என்று வாங்கி வைத்திருக்கிறான், மடையன். காபி வந்தது. குடித்து முடித்து, "சரி, கிட்டாரை எடு" என்றேன்.

அம்மாவின் கீர்த்தனையைப் பாடினேன். இரண்டாவது அடியில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை, எனக்கே தெரிந்தது. அவன் முகம், சொத்தைப்பல்லில் ஐஸ் பட்டதுபோலச் சுருங்கியதையும் பார்த்தேன். ஆனால் கை நிற்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கடைசி அடி வரைக்கும் வாசித்தான்.