வெட்டாத காசு

மருந்துக்கடை விஸ்வநாதன் நாசமாகப் போக வேண்டும். முப்பிடாதிக்கு வேறு வேண்டுதலே இல்லை.

அவள் புருஷன் சிவசைலம் வயநாட்டுக் காட்டுக்கு மரம் வெட்டப் போய், உடம்பெல்லாம் உண்ணிக்கடியோடு குற்றாலத்துக்குத் திரும்பினான். காய்ச்சல் வந்தது, விட்டது, ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. விஸ்வநாதன் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டான். போட்டதும் காய்ச்சல் இறங்கும். சிவசைலம் ஒரு சட்டிச் சோறு தின்பான். முகம்கூடப் பூரித்து வந்தது. விஸ்வநாதன் கைராசிக்காரர் என்று அவளே நாலு வீட்டில் சொன்னாள்.

பிறகு வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. அம்மை போட்டிருக்கிறது என்று வாசல் நிலையில் வேப்பிலை செருகி, ஒன்பது நாள் வீட்டிலேயே வைத்திருந்தாள். மூச்சு இழுத்த பிறகுதான் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள்.

டாக்டரம்மா விளங்கச் சொன்னார். உண்ணி கொடுத்த வைரஸ் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஏற்கெனவே குறைத்திருந்தது. மிச்சத்தையும் ஸ்டீராய்டு ஊசி அடக்கிவிட்டது. வாயில் கண்டது அம்மை இல்லை, பூஞ்சை. தடுக்க ஆளில்லாத உடம்பில் அது நுரையீரல் வரை போய்விட்டது. புகார் எழுதிக் கொடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் சிவசைலம் போய்விட்டான்.

பதினாறு கழிந்ததும் காசு வெட்டிப்போட அம்மன் கோயிலுக்குப் போனாள். கெடுத்தவன் பேரைச் சொல்லிக் காசை இரண்டாக வெட்டினால் அவன் குடி விளங்காது. பூசாரி நாறும்பூநாதன் உளியைக் கொடுக்குமுன் முறையைச் சொன்னார்.

"வெட்டிட்டா வழக்கு அம்மாட்ட போயிரும். பொறவு நீ போலீசு, கோர்ட்டுன்னு போவக் கூடாது."

"அம்மா எப்பம் கேப்பா?"

"அது அவ இஷ்டம்லா."

அம்மன் கேட்பதற்குள், செய்ததை ஊர் சொல்லக் கேட்காமலே விஸ்வநாதன் சொகமாய்ச் செத்துப்போனால்? அவளுக்குப் பொறுக்கவில்லை. காசை இடுப்பில் செருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிடாத தாயே. இவன நானே பாத்துக்கிடுதேன்."

மூன்றாம் வகுப்பு எழுத்தில் அவளே புகார் எழுதினாள். வேப்பிலை செருகிய ஒன்பது நாளையும் மறைக்கவில்லை.

கடைக்குச் சீல் வைத்த அன்று விஸ்வநாதன் அவள் வாசலில் வந்து கும்பிட்டு நின்றான்.

"காய்ச்சல எறக்கத்தானம்மா போட்டேன்."

"எறக்கிட்டீருல்லா அண்ணாச்சி," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "குழிக்குள்ளயே எறக்கிட்டீரு. மிச்சத்த கோர்ட்டுல வந்து கேளும்."