ஆணி தினகரனின் வலது கால்

செவிலிமேட்டில் வந்து தினகரன் வீடு எது என்று கேட்டால் எந்த தினகரன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஆணி தினகரன் வீடு என்று கேட்டால், பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்கூட பஸ்ஸை விட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார். ஆளுக்கு நாற்பத்தெட்டு வயது. செவிலிமேட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆணிக்கும் ஆட்டோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் வந்த கதை வேறு.

சின்ன காஞ்சிபுரத்தில் பெரிய கோயிலின் நிழலில் மறைந்து கிடக்கும் சின்னப் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. பங்குனி உற்சவத்தில் அந்தப் பெருமாளைத் தோளில் சுமந்து வீதி வலம் வருகிற எட்டுப் பேரில் தினகரன் ஒருவர். வலது பக்க வாரையில் முதல் ஆள். வாரை என்றால் சாமியைச் சுமக்கும் நீளமான மரத்தண்டு. அது தோளில் ஏறிவிட்டால், சாமி நின்று பூஜை வாங்கும் மண்டகப்படி வந்து, வாரைக்கு முட்டுக் கொடுக்கத் தாங்குகட்டை வைக்கிற வரைக்கும் இறக்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. செருப்பு கிடையாது என்பதைச் சொல்லவே வேண்டாம். தினகரனுக்குப் பின்னால், அதே வாரையில், பதினோரு வருடமாக குரு. தினகரனைவிட ஏழு வயது சின்னவன், ஒரே உயரம். உயரம் பொருந்தினால்தான் ஒரே வாரைக்கு ஜோடி. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் பங்குனியில் ஒரு காலை. பெருமாள் வருகிறார் என்று தெருவெல்லாம் தண்ணீர் தெளித்து மாக்கோலம் போட்டு, ஓரம் முழுக்கக் காவி பூசி வைத்திருந்தார்கள். காவி காயவில்லை. எட்டுப் பேர் காலும் சிவந்து, கோலமெல்லாம் சிவப்புத் தடம். கோலத்தை மிதித்தே கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு வீட்டு அம்மாள் முணுமுணுத்தாள். மூன்றாவது தெருவில் முந்தின நாள் கல்யாணப் பந்தல் பிரித்திருந்தார்கள். அங்கேயிருந்து பதிந்த தடங்களில் ஒன்று காவி இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. காவியோடு காவியாகப் போய்விட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கோயிலுக்குத் திரும்பினார்கள். குழாயடியில் கால் கழுவும்போது ஏழு பேர் கால் வெளுத்தது, தினகரன் காலில் மட்டும் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. குருதான் குனிந்து அந்தக் காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தான். இரண்டு அங்குலப் பந்தல் ஆணி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. தினகரனே அப்போதுதான் பார்த்தார். சாமி தூக்குகிறவர்களுக்குத் தலைவரான வெங்கடேசன் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ போட்டோ எடுத்தார்கள். சாயந்திரத்துக்குள் அந்தக் கால் காஞ்சிபுரத்திலிருக்கும் எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, பின்னால் நாதஸ்வர இசையோடு.

எப்படித் தாங்கினீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். முதலில் உள்ளதைத்தான் சொன்னார்: தெரியலைபா என்று. அந்தப் பதில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. பொன்னாடை போர்த்திய கூட்டத்தில் பேசிய ஒருவர், பெருமாள் பாரம் தோளில் இருக்கும்போது காலில் ஆணி என்ன செய்யும் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அடடா, இதுதானே நமக்கு வாயில் வரவில்லை என்று தினகரன் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது அவரே நம்பிவிட்டார். ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மன உறுதி என்ற தலைப்பில் நாலு நிமிடம் பேசினார். பேசியது என்னவென்று அவருக்கும் ஞாபகமில்லை, கேட்டவர்களுக்கும் ஞாபகமில்லை. ஆனால் கேடயம் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது.

அதே வாரத்தில் குரு பாத்ரூமில் வழுக்கி விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பில் விரிசல் என்று கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். தினகரன் இரண்டு கிலோ சாத்துக்குடியோடு பார்க்கப் போனார். அங்கே கேலி பேசாமல் வந்திருக்கலாம். மனுஷனுக்குப் புகழ் புதுசு, சும்மா இருக்க முடியவில்லை. ஆணி ஏறினவன் நான் நடக்கிறேன், சோப்பு வழுக்கினவன் நீ படுத்திருக்கிறாயே என்றார். குரு சிரித்தான். அவ்வளவுதான்.

இப்படியே மூன்று வருடம் ஓடிற்று. இந்த மாசியில் ஒருநாள் மத்தியானம் தினகரன் சாப்பிட வீட்டுக்கு வந்தார். மனைவி காந்தாவுக்குப் பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை, அன்று லீவு. வாசலில் வந்தவரின் காலைப் பார்த்து, இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டாள். தினகரன் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு வண்டி ஓட்டினோம், ஒன்றும் புரியவில்லை. பத்து நாளில் மறுபடி அதே கூத்து. அவர் பிரேக் மிதித்தால் பின்சீட்டு ஆட்கள் முன்சீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்று வண்டியில் வருகிறவர்கள் வேறு கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை, ஞாபகம் வந்தால் உண்டு. காந்தா பேச்சை வளர்க்காமல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் ரேவதி அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கையில் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை. அது பாதத்தில் படும்போதெல்லாம் சரி என்று சொல்ல வேண்டும். தினகரன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"முடிச்சுட்டேங்க. ரெண்டு கால்லயும் பத்து பத்து எடத்துல தொட்டுட்டேன்."

சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, ஒரே நாளில் போனதல்ல, வலது காலில் நாலைந்து வருடமாகவே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒரு சின்னக் காயம் கவனிக்காமல் விட்டாலும் விரலை எடுக்க வேண்டி வரும், அப்புறம் பாதத்தையே எடுக்க வேண்டி வரும். இனி வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக் கூடாது. மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒன்று வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். தினகரன் சீட்டைப் பார்க்காமல் ஆணிக் கதையைச் சொன்னார். அப்போது மட்டும் எப்படித் தாங்க முடிந்தது என்று கேட்டார். அன்றைக்கும் வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தவருக்கு வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. வலியே இல்லை என்றால் அன்று தாங்கியது எதை? தாங்காத ஒன்றுக்குத்தானா பொன்னாடை? இல்லை, வலி தெரியாமல் வைத்ததே பெருமாள்தானோ? அப்படியானால் சர்க்கரையைக் கொடுத்ததும் பெருமாளா? அதற்கு முன்னால் டீக்கடையில் நாளுக்கு எட்டு டீ குடித்தது யார்? எந்தப் பக்கம் யோசித்தாலும் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. வெட்கப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை. காந்தாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"இந்த வருசம் தூக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிடலாம். வாரையில் முதல் இடத்தை விட்டால் அவர் ஆட்டோ தினகரன், காஞ்சிபுரத்தில் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விடாவிட்டால் ஒருவேளை காலே போகும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று நிச்சயமாகச் சொல்ல அவரால் முடியவில்லை. இதைப் படித்து யாரும் சிரிக்க வேண்டாம். நாற்பத்தைந்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதனை ஊரே திரும்பிப் பார்த்துவிட்டால், அதை விட்டுக்கொடுப்பது அத்தனை லேசில்லை.

உற்சவத்துக்கு ஒரு வாரம் முன்னால், யார் எந்த இடம் என்று முடிவு செய்ய எட்டுப் பேரும் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே தினகரன் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சர்க்கரை, நைலான் இழை, டாக்டர், எல்லாம்.

"எனக்கு அன்னிக்கு வலிக்கவே இல்லபா. அதான் நடந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

பிறகு வெங்கடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துக்கங்கபா. ஆணி ஏறியும் வலிக்கலன்றான். பணிவுன்னா இதான் பணிவு."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தினகரன் விடவில்லை. இது வியாதி என்று மறுபடி சொன்னார். வியாதியோடு பெருமாளைத் தூக்கினாரே என்று வியந்தார்கள். நிரூபித்துக் காட்டினால்தான் இவர்களுக்குப் புரியும் என்று நினைத்து, வெங்கடேசன் அரைஞாண் கயிற்றில் தொங்கிய ஊக்கை வாங்கித் தன் குதிகாலில் குத்தினார். முள் எடுக்க வைத்திருக்கும் ஊக்கு, அரை அங்குலம் இறங்கிற்று. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பார்த்தீர்களா, தெரியவில்லை என்றார். பக்கத்திலிருந்தவர் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்படிச் சொந்தக் காலில் தானே ஓட்டை போட்டதுதான் மிச்சம். வலது பக்கம் முதல் இடம் தினகரனுக்கே என்று வெங்கடேசன் அறிவித்தார். அதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு மூலையில் குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம்தான் சொல்லியாயிற்றே, கேட்காதது அவர்கள் குற்றம், தூக்கிவிடலாம் என்று தோன்றியது.

கூட்டத்தில் வாயே திறக்காதவன் குரு ஒருவன்தான். வீடு போகிற வழிதான் என்று தினகரனின் ஆட்டோவில் அவன் ஏறிக்கொண்டான். வண்டி பெரியதெரு தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னான்.

"அண்ணா, உனக்கு வலிக்கலன்றத நான் நம்புறேன்."

தினகரன் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு மூணாவது தெருவுலேர்ந்து உன் வலது காலு சரியா பதியவே இல்ல. உனக்குத் தெரியல. ஒவ்வொரு அடிக்கும் உன் தோள் கீழ எறங்கி எறங்கிப் போச்சு. நீ எறங்குனா வாரை யார் மேல உக்காரும்? என் மேலதான். நாலாவது தெரு திரும்பறப்ப டக்குனு ஒரு சத்தம் கேட்டுது. எலும்புன்னு அப்பவே தெரியும். நான் பாத்ரூம்ல வுழலண்ணா."

அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் சுமந்தாயா என்று தினகரன் கேட்டார். குரு தலையாட்டினான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நடுத்தெருவுல சாமியப் போட்டுட்டுப் போக முடியுமா? கோயிலுக்கு வந்தா சொல்லலாம்னுதான் இருந்தேன். வந்தா எல்லாரும் உன் காலையே பாத்துக்கினு இருந்தாங்க. நானும் அதத்தான் பாத்தேன். அதுக்கப்புறம் எங்க சொல்றது."

தினகரன் இன்ஜினை அணைத்தார். குரு மெதுவாகச் சொன்னான்:

"இந்த வருசமும் நீ முன்னால நின்னா நான் பின்னால நிப்பேன். மாட்டேன்னு சொல்லல. பயமா இருக்குதுண்ணா, அதான் சொல்றேன்."

சாத்துக்குடியும் சோப்புக் கேலியும் தினகரன் நெஞ்சில் வந்து இடித்தன. அந்த இடத்தில் வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. மறுநாள் வெங்கடேசனிடம் போய், தான் வரப்போவதில்லை, முதல் இடத்தை குருவுக்குக் கொடுங்கள், அன்று உண்மையாகத் தாங்கியவன் அவன்தான் என்று சொன்னார். வெங்கடேசன் இதையும் பணிவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

பங்குனி வந்தது. காலை ஒன்பது மணிக்கே தார் இளகியது. தினகரன் எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றாமல் தெருவோரம் நின்றார், காந்தா பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள். பெருமாள் வரும்போது காலில் செருப்போடு நிற்கிறானே என்று இரண்டு பேர் முறைத்தார்கள். முகம் சூடாயிற்று, ஆனாலும் கழற்றவில்லை. தெருமுனையில் குடை தெரிந்தது. வலது வாரையில் முதல் ஆளாக குரு வந்துகொண்டிருந்தான். பதினோரு வருடம் முதுகுக்குப் பின்னாலேயே வந்த முகத்தை, வாரை தோளில் இருக்கும்போது தினகரன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணோரம் ஈரமாக வந்தான். எலும்பு கூடிய இடத்தில் வாரை அழுந்தியது. ஒவ்வொரு அடியும் அவனுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து டீ-ஷர்ட் போட்ட ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். ஆணி தினகரன் நீங்கள்தானே, பெருமாள் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி என்றார். தினகரன் அவர் கையைப் பிடித்து போனை வாரைப் பக்கம் திருப்பினார்.

"அவன எடுங்க."

"யாருங்க அவரு? அவருக்கு இன்னா?"

"வலிக்குது" என்றார் தினகரன்.

அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று புரியாமல் அவர் போனைத் தாழ்த்திக்கொண்டார். பெருமாள் அவர்களைக் கடந்து போனார்.