மதினி வீட்டு மாடி ரூம்

சைக்கிள் பயணம் என்று முடிவானதும் நான் போட்ட முதல் கண்டிஷன், ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜில்தான் தங்க வேண்டும் என்பது. மதுரையிலிருந்து தென்காசி வரை நாலு நாள். மெயின் ரோட்டை முடிந்தவரை தொடாமல் மலையடிவாரத்து மண்பாதை, கண்மாய்க்கரை, தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம் என்று தேடித் தேடி மிதிப்பதாகத் திட்டம். கூட வந்தவள் என் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்ப்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கல்யாணம் ஆகவில்லை. போகிற இடமெல்லாம் ஜனங்கள் அவளிடம் ஒட்டிக்கொள்வார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல். சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

லாட்ஜ்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம், அந்த ஊரில் மடவார் வளாகத்தில் என் கணவரின் அக்கா வீடு இருந்ததுதான். மதினி ரிட்டையரான டீச்சர். அந்த வீட்டுக்குப் பதினாறு வருஷமாகப் போய் வருகிறேன். போனால் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படி. மாடியில் ஏசி போட்ட ரூம் ஒன்று உண்டு. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதுதான். எனக்கு அடுப்படியை ஒட்டிய அறையில் பாய். “நீ எதுக்குட்டி மேல ஏறி எறங்கிக்கிட்டு? காலைல காப்பி போட இங்கனயே கெடந்தா சௌகரியம்” என்பார். நாளெல்லாம் மிதித்துவிட்டு வந்து அங்கே தேங்காய் திருவ எனக்குத் தெம்பில்லை. ஒரு ராத்திரியாவது யாரோ போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் ராத்திரி பேரையூரில் கழிந்தது. மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜுக்குள் நுழைந்தோம். உடம்பெல்லாம் செம்மண். மேனேஜர் எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஜென்ட்ஸ் யாரும் கூட வரலையா?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் சிரித்துக்கொண்டே, “அண்ணே, இவங்க வீட்டுக்காரருக்கு இந்த ஊருதாண்ணே. பயப்படாம ரூம் குடுங்க” என்றாள். அவ்வளவுதான், காரியம் கெட்டது. எந்தத் தெரு, யார் வீடு என்று அவர் கேட்க, இவள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

“டீச்சர் தம்பி வீட்டம்மாவா நீங்க? அவிய எனக்கு அஞ்சாங்கிளாஸ் எடுத்தவியல்லா! ஊருக்குள்ள வீட்ட வச்சிக்கிட்டு லாட்ஜுல தங்க வச்சேன்னு தெரிஞ்சா என்னயத்தான ஏசுவாவ?” என்று சொல்லும்போதே அவர் போனைக் காதில் வைத்துவிட்டார். எனக்கு இவளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி மதுரைக்கு மிதிக்கலாம் போலிருந்தது.

மதினி கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். “வாங்கம்மா, வாங்க! எம்புட்டுத் தொலவு மிதிச்சி வந்திருக்கீக!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏட்டி, லாட்ஜுக்கா போன? சரி வா, ரெண்டு மூடி தேங்கா திருவணும்” என்றார்.

அவளுக்குக் குளிக்க வெந்நீர் போனது. மாடி ரூமுக்குப் புதுப் போர்வை போனது. முறுக்கும் காப்பியும் போயின. கொண்டுபோனது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் திருவும்போது, மேலே ஏசி ஓடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. என் தொடையும் கெண்டைக்காலும் கல்லாகி இருந்தன. அவள் இந்நேரம் படுத்துக் காலை நீட்டியிருப்பாள் என்று நினைக்க நினைக்க என் கை தேங்காயைச் சிரட்டையோடு சேர்த்துச் சுரண்டியது.

மதினி மீன் பொரித்துக்கொண்டே ஏதேதோ பேசினார். நடுவில், “நீங்க ரெண்டு பேரும் தெருமுக்குத் திரும்பி வந்தத வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏட்டி, இந்த வயசுல எனக்குச் சைக்கிள் வருமா?” என்றார்.

“மொதல்ல தேங்கா போதுமான்னு பாருங்க மதினி” என்றேன்.

அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “போதும்” என்றார்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம். அந்த வீட்டில் மதினிதான் ஜெபம் பண்ணுவார், ஆளாளுக்குப் பேர் சொல்லிப் பண்ணுவார். அன்றைக்கு எடுத்த எடுப்பில் அவள் பேர். அவள் கால்களுக்குப் பெலன் கொடுக்கச் சொன்னார், அவள் சைக்கிளின் ரெண்டு சக்கரத்தையும் காக்கச் சொன்னார், மதுரையில் இருக்கும் அவள் அம்மாவின் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை என்பது எனக்கே தெரியாது. என் பேர் வரும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். ஆமென் வந்துவிட்டது. அவளும் நான் மிதித்த அதே பாதையில்தான் மிதித்தாள். என் சக்கரத்தை யார் காப்பது?

காலையில் நான் பாத்திரம் கழுவி, ரெண்டு பேருடைய பாட்டிலிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, மதினியும் அவளும் சைக்கிள் பக்கத்தில் நின்று ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். மதினியின் கை ஹேண்டில்பார் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவளுக்கு ஒரு பெட்டி பால்கோவா கொடுத்தார். என்னிடம் ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்து, “அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். ஒடையாம கொண்டு போ” என்றார். ஆக, தம்பிக்கு ஊறுகாய் சுமக்கத்தான் நான்.

அன்று முழுக்க அந்த பாட்டில் என் பைக்குள் கிடந்து கடகடத்தது. ராஜபாளையத்தில் டீ குடிக்கும்போது, “உங்க மதினி சூப்பர்க்கா. அந்த ரூம்ல என்னா தூக்கம் தெரியுமா?” என்றாள். நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். அய்யனார் கோவில் ரோட்டிலிருந்து தெற்கே பிரிந்து மாந்தோப்புகள் வழியாகப் போனோம். தேவதானத்தை நெருங்கும்போது ஒரு கண்மாய்க்கரையில், அவளை முந்த வேண்டும் என்ற வீம்பில் நான் வேகமாக இறங்கி விழுந்தேன். முட்டி கிழிந்தது. ஊறுகாய் பாட்டில் உடையவில்லை.

நொண்டிக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போய் ஒரு டீக்கடையில் ராத்தங்க இடம் கேட்டோம். பக்கத்துத் தென்னந்தோப்பு வீட்டில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அந்த வீட்டம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் முட்டியைப் பார்த்ததும் எதுவும் விசாரிக்காமல் உள்ளே கூப்பிட்டார். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மஞ்சள்தூளைக் குழைத்துப் புண்ணில் வைத்தார்.

நான் பழக்கதோஷத்தில் எழுந்து, “என்ன செய்யணும், சொல்லுங்க” என்றேன்.

“நீங்க அசையப்படாது. செத்த நேரம் காலை நீட்டி உக்காருங்க. இந்தப் புள்ள எனக்குக் கூடமாட இருக்கட்டும்” என்று அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் நான் விருந்தாளி. காலை நீட்டினேன். மலைக்கு அந்தப் பக்கம் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, தோப்புக்குள் நல்ல காற்று. உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. அவர்கள் ரெண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேசினார்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. என்ன பேசினார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. மறுபடி சிரித்தார்கள். கட்டிலில் தனியாக உட்கார்ந்துகொண்டு எனக்கு அடுப்படி மேல் பொறாமை வந்தது.

அப்போதுதான் மதினி கேட்டது உறைத்தது. இந்த வயசுல எனக்குச் சைக்கிள் வருமா? பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம். மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். நான் மேலே ஓடிய ஏசிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. போனை எடுத்தேன்.

“மதினி, நான்தான்.”

“என்னட்டி, அந்தப் புள்ள நல்லாருக்காளா?”

“நல்லாருக்கா. மதினி, நேத்து ஒண்ணு கேட்டீங்கள்லா, சைக்கிள் வருமான்னு. வரும். நான் வந்து சொல்லித் தாரேன்.”



“அத நான் காலையிலயே அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டேன்லா. வார ஞாயித்துக்கிழமை வந்து பழக்கித் தாரேன்னுட்டா.”

நியாயப்படி எனக்குக் கோபப்பட இடமே இல்லை. ஆனாலும் வந்தது.

“நீயும் வா, என்ன?” என்றார் மதினி. “அவ முன்னால ஹேண்டில் புடிச்சிக்கிடுவா. நான் விழாம சீட்டப் புடிச்சிக்கிட்டுப் பின்னால ஓடியார நம்மாளு ஒருத்தி வேணும்லா. அவகிட்ட அதச் சொல்ல முடியுமா?”

“வாரேன் மதினி” என்றேன்.

போனை வைக்கவும் அவள் காப்பி கொண்டுவரவும் சரியாக இருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, “யாருக்கா போன்ல?” என்றாள்.

“எங்க மதினி” என்றேன், உள்ளே அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி.