பவுடர் பூசிக்கொண்டு வராதேங்கோ

ஆரும் ஆசைப்பட்டு வராத இடம் எண்டு ஒண்டு இருந்தால், அது நான் வேலை செய்யிற மாமோகிராம் அறைதான். வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில எங்கட கிளினிக். பொம்பிளையளின்ர மார்பைத் தட்டில வைச்சு அமத்திப் படம் எடுக்கிறது என்ர தொழில். பதினொரு வருசமாச்சு. எனக்கு வாய் கொஞ்சம் கூட, ஆனால் என்ர படத்தில ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது. இதே மிஷினோட மல்லுக்கட்டிற உங்களுக்கும், அதுக்குப் பயந்து வீட்டில இருக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

தையல்கார ராத்தா

கொட்டாஞ்சேனையில இருந்து வந்த தையல்கார முஸ்லிம் அக்கா, ராத்தா எண்டுதான் கூப்பிடுவன், கதவுக்குள்ள கால் வைக்கேக்கயே, "ஆம்புளைங்க யாராச்சும் உள்ள இருக்காங்களா மிஸ்?" எண்டு கேட்டா. இல்லை, நான் மட்டும்தான், கதவையும் பூட்டித்தான் எடுப்பன் எண்டு சொன்னன். மேலங்கி தருவம். பக்கத்துக்கு இரண்டாய் நாலு படம். தட்டு அமத்துறது சில செக்கன்தான். நோகாது எண்டு நான் ஒரு நாளும் பொய் சொல்லுறேல்லை. நோகும், ஆனால் நீங்கள் "ஐயோ" எண்டு முடிக்க முதல் தட்டு விட்டிடும். மாதவிலக்கு முடிஞ்ச அடுத்த கிழமை வந்தால் நோவும் குறைவு.

ராத்தா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துஆ ஓதினா. நாலும் முடிஞ்சுது எண்டு நான் தோளில தட்டத்தான் கண்ணைத் திறந்தா. "இவ்ளோதானா? தையல் மெஷின்ல விரல் மாட்டினப்போ இதவிட நொந்திச்சே!"

ரீச்சருக்குக் கோபம்

'படம் எடுக்கிற அண்டைக்குப் பவுடர், சென்ட் பூசிக்கொண்டு வராதேங்கோ' எண்டு மூண்டு மொழியிலயும் கதவில ஒட்டியிருக்கிறன். ஆர் வாசிக்கினம்? எங்கட சனத்துக்கு டொக்டரிட்டப் போறதும் கோயிலுக்குப் போறதும் ஒண்டுதான். தலை முழுகி, நல்ல சீலை உடுத்து, கமக்கட்டுக்குள்ள அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு வருவினம். அந்தப் பவுடர் படத்தில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியாய் விழும். நாங்கள் தேடுற ஆபத்தான புள்ளியும் அதே மாதிரித்தான் இருக்கும்.

சரோஜினி ரீச்சரைக் கிருலப்பனையில இருந்து மகள் இழுக்காத குறையாய்க் கூட்டிக்கொண்டு வந்தா. பென்சன் எடுத்த கணக்கு ரீச்சர். தாலிக்கொடியைக் கழட்ட மாட்டனெண்டா. அது பரவாயில்லை, முதுகுப் பக்கம் போட்டுவிட்டன். ஆனால் முதல் படத்தைப் பாத்தால், ரொட்டி தட்டுற பலகையில மா தூவின மாதிரி ஒரே வெள்ளை. ஈரத் துணியை எடுத்து நானே இரண்டு தரம், ஒரு மடிப்பு விடாமல் துடைச்சுப்போட்டுத் திருப்பி எடுத்தன். ரீச்சருக்கு முகம் சிவந்திட்டுது. சட்டையை மாட்டிக்கொண்டு சொன்னா: "முப்பது வருசம் படிப்பிச்சனான், ஊத்தையெண்டு என்னை ஒருத்தரும் துடைச்சதில்லை!"

டொக்டர் கேட்ட கேள்வி

இரண்டாவது படத்தில மா எல்லாம் போயிட்டுது. இடப் பக்கத்தில மட்டும் ஒரு சின்னப் புள்ளிக் கூட்டம் போகேல்லை. அது என்னெண்டு எனக்கு ஒரு எண்ணம் இருந்துது. ஆனால் படத்தை வாசிச்சுச் சொல்லுறது டொக்டரின்ர வேலை, நான் வாய் திறக்கக்கூடாது. எங்கட டொக்டர் சிங்களப் பொம்பிளை, தமிழ் நல்லாக் கதைப்பா. படத்தைப் பெரிசாக்கி வைச்சுக்கொண்டு, "இதுவும் பவுடரா மிஸ்?" எண்டா.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். "இல்லை டொக்டர், என்ர கையால துடைச்சனான்" எண்டன். டொக்டர் என்னை ஒருக்கால் நிமிர்ந்து பாத்தா. இந்தப் பதினொரு வருசத்தில எனக்குக் கிடைச்ச பெரிய சேர்ட்டிபிகேட் அடுத்து அவ சொன்னதுதான்: "நீங்க துடைச்சதெண்டா அது பவுடர் இல்ல. திரும்பக் கூப்பிடுங்க."

போனில ஒரு கணக்கு

திருப்பிக் கூப்பிட்டால் புற்றுநோய் எண்டு அர்த்தமில்லை. இன்னொரு படம் எடுத்து, ஒண்டுமில்லை எண்டு சிரிச்சுக்கொண்டு போறவைதான் கன பேர். ஆனால் ரீச்சர் வரவே மாட்டனெண்டிட்டா. கவுண்டரில இருக்கிற பிள்ளை இரண்டு தரம் போன் எடுத்தும், "அது என்ர பவுடர்தான், திருப்பியும் துடைக்கப் போறியளோ?" எண்டு போனை வைச்சிட்டாவாம்.

மூண்டாம் தரம் நான் எடுத்தன். இவ வராமல் விட்டு, அது கெட்டதாய் இருந்தால்? கெஞ்சினால் ரீச்சரிட்டச் சரிவராது. "ரீச்சர், முதல் படத்தில நிறையப் புள்ளி. பவுடரைத் துடைச்சு எடுத்தன், ஒரு இடத்தில மட்டும் மிச்சம். பவுடரைக் கழிச்சாச்சு. அப்ப அந்த மிச்சம் என்ன?" எண்டன். ரீச்சர் அந்தக் கணக்கை வாய்க்குள்ள ஒருக்கால் திருப்பிச் சொல்லிப் பாத்திட்டுச் சொன்னா: "கணக்குச் செய்கை சரி, பிள்ளை. நாளைக்கு எத்தினை மணிக்கு வர?"

ஓட்டோவில நாலு பேர்

ஊசியால சதைத் துண்டு எடுத்துப் பாத்தினம். புற்றுநோய்தான். ஆனால் கையால தடவினால் பிடிபடாத அளவு, ஆரம்பத்திலயே பிடிச்சாச்சு. ஒப்பரேஷன் முடிஞ்சு, ரேடியேஷனும் முடிஞ்சு, ரீச்சர் நல்லா எழும்பிட்டா எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கு நான் பாத்ரூமுக்குள்ள போய் அழுதனான். பெருமையிலதான் அழுதனான், சொல்ல எனக்கென்ன வெக்கம்?

அடுத்த வருசப் படத்துக்கு ரீச்சர் தனிய வரேல்லை. அக்கம்பக்கத்துப் பொம்பிளையள் மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தா. கொழும்பு வெயிலில நாலு பேரிலயும் வேர்வை மணந்துது. பழக்கத்தில நான் ஈரத் துணியை எடுக்கப் போக, ரீச்சர் என்ர கையைப் பிடிச்சா. "துணி தேவையில்லை, பிள்ளை. ஒவ்வொருத்தியையும் மணந்து பாத்துத்தான் ஓட்டோவில ஏத்தினனான்."

மூண்டு மொழியில நான் ஒட்டின நோட்டீஸ் பதினொரு வருசமாய்ச் செய்யாத வேலையை, ஒரு கணக்கு ரீச்சரின்ர மூக்கு ஒரே காலமையில செய்து முடிச்சிட்டுது.