வரிசையின் கடைசியில் நடந்தவள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில், எங்கள் வீட்டின் உடுப்புத் தோய்க்கும் மெஷின் பேஸ்மென்டில் இருந்தது. அதே பேஸ்மென்டில்தான் சென்னையிலிருந்து படிக்க வந்த அக்கா ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவரிடம் ஒரு கேம் பெட்டியும் பழைய பெரிய ரீவியும் இருந்தன. வன்னியில் போர் முடிந்த வருடத்தின் தொடக்கத்துப் பனிக்காலம் அது. நான் கல்லூரியில் முதலாம் வருடம், ஓவியப் பிரிவு. எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன், இப்போதும் சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்து வந்ததும் அக்காவும் நானும் ஒரு ஜப்பானியக் கேம் விளையாடுவோம். நான்கு பேர் ஒரு நாட்டைக் கடந்து நடக்கிற கதை. விளையாடுகிறவர் அந்த நால்வராகவே மாறி, ஊர் ஊராகப் போய், ஆட்களோடு கதைத்து, வழியில் வரும் பூதங்களோடு சண்டை பிடித்து, மெல்ல மெல்லப் பலம் சேர்க்க வேண்டும். முன்னால் ஒரு வாள்காரன், அடுத்து ஒரு திருடி, பிறகு ஒரு கிழட்டு மந்திரவாதி, கடைசியில் காயம் ஆற்றுகிற ஒரு பெண். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வரிசை குலையாமல் திரும்பும்.

அம்மா உடுப்புக் கூடையோடு இறங்கி வருவார். மெஷினைப் போட்டுவிட்டு உடனே மேலே போய்விடுகிறவர், ஒரு நாள் நின்று பார்த்தார்.

"பின்னுக்கு வாறவள் ஆர்?"

"வைத்தியக்காரி, அம்மா. மற்றவைக்குக் காயம் பட்டா மாத்துவா."

"தங்கச்சியும் உப்பிடித்தான். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நாலடி பின்னுக்குத்தான் வருவாள்."

அம்மா சொன்னது வன்னியில் இருந்த என் சின்னம்மாவை. எனக்கு அவர் போனில் வருகிற ஒரு குரல் மட்டுமே. ஜனவரியில் கடைசியாகக் கதைத்தபோது, இடம் மாறப்போகிறோம் என்று சொன்னார். அதன் பிறகு அழைப்பு இல்லை. அன்றிலிருந்து அம்மா வீட்டுப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சாப்பாடு குறைந்துகொண்டே போனது. பக்டரிக்குப் போவார், வருவார், செய்தி பார்ப்பார், சனிக்கிழமைகளில் டவுன்டவுனில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு நிற்கும் சனத்தோடு போய் நிற்பார். வேறு எதையும் கேட்காதவர் அந்த வைத்தியக்காரியைப் பற்றி மட்டும் கேட்டார். இப்ப எங்கை நிக்கினம், ஆற்றைக் கடந்திட்டினமோ, அவளுக்குச் சுகமோ என்று.

கேமில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். அம்மாவோ ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமிழையே விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவருக்காக அந்தக் கேமை ஒரு மங்காத் தொடராக, ஜப்பானியப் பாணிப் படக்கதையாக, வரையத் தொடங்கினேன். வாரம் ஓர் அத்தியாயம், பதினாறு பக்கம். பேச்சுக் குமிழ்களில் பெரிய எழுத்தில் மூன்று நான்கு சொற்கள். பிளாசாக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்து, நடுவில் ஸ்ரேப்பிள் அடித்து, ஒரு பிரதி அம்மாவுக்கு, ஒன்று அக்காவுக்கு.

முதல் அத்தியாயத்தை அசல் மங்கா போலவே வலமிருந்து இடமாக வரைந்தேன். படிக்கிறவள் அல்லவா, முறையை மீற மனம் வரவில்லை. அம்மா அதைத் தமிழ்ப் புத்தகம் மாதிரித் திறந்து, கடைசிப் பக்கத்து எரிந்த ஊரில் தொடங்கி, அதே ஊரின் கல்யாண வீட்டில் கொண்டுபோய் முடித்தார். "நல்ல கதை" என்றார். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து இடமிருந்து வலமாக வரைந்தேன்.

கேமை மங்காவாக்குவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கேமில் வாள்காரன் வாயே திறப்பதில்லை. தாளில் அவன் ஏதாவது பேசியாக வேண்டும். கேமில் ஒரு காட்டைக் கடப்பதற்குள் நாற்பது சண்டை வரும். தாளில் ஒன்று போதும், ஆனால் எந்த ஒன்று? சண்டையில் ஒவ்வொருவரும் தன் முறை வரும்வரை ஆயுதத்தோடு காத்து நிற்பார்கள். அதையும் அப்படியே வரைந்திருந்தேன்.

"ஏன் உவை அடி விழுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

"அவையின்ரை முறை வரோணும், அம்மா."

"பஸ்ஸுக்கு லைனிலை நிக்கிற மாதிரியோ?"

முறையை எடுத்துவிட்டேன்.

இன்னொரு நாள் கேட்டார்: "உவ்வளவு தூரம் நடக்கினம். உவைக்கு ஆர் சமைக்கிறது?"

கேமில் யாரும் சமைப்பதில்லை. சத்திரத்தில் ஒரு பட்டனை அமத்தினால் விடிந்துவிடும், எல்லோருக்கும் உடம்பு தேறிவிடும். நான் அத்தியாயத்துக்கு ஒரு சமையல் கட்டம் சேர்த்தேன். என்ன சமையல் என்பதை அம்மாதான் சொல்வார். கிழட்டு மந்திரவாதி பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் குடித்தார். திருடி தேங்காய் துருவினாள். அப்படி ஏதாவது சொல்லி முடித்த பிறகு அம்மா எழும்பிப் போய் ஒரு கோப்பை பிட்டாவது சாப்பிடுவார். அதனால் நான் வாரம் தவறவில்லை.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏய், ஒரிஜினல்ல கூழ் எங்கடி இருக்கு? மூலத்துல இல்லாததை நீயா போடக்கூடாது. அப்புறம் அது அந்தக் கேமே இல்ல."

அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. என் சிக்கல் கூழில் இல்லை. கேமின் பாதி வழியில் வைத்தியக்காரி சாவாள். எந்த மருந்தும் உதவாது. சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் விளையாடினாலும் அதே இடத்தில் சாவாள். உடல் சின்னச் சின்ன ஒளிப் பொட்டுகளாகி மேலே போய் மறைந்துவிடும். அடுத்த காட்சியில் வரிசை மூன்று பேராக நெருங்கி நடக்கும். அக்காவும் நானும் மார்ச் மாதமே அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம்.

தொடர் அந்த இடத்துக்கு வந்தபோது என் கை ஓடவில்லை. சின்னம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் வராத நேரம் அது. நான் கதையை இழுத்தேன். மழையில் ஒரு ஊரில் தங்கிவிட்டார்கள் என்று ஓர் அத்தியாயம். தொலைந்த ஆடு ஒன்றைத் தேடுகிறார்கள் என்று ஓர் அத்தியாயம். ஒரு திருவிழா. மந்திரவாதிக்குப் பல்வலி. எதுவும் கேமில் இல்லை.

மே மாதம் போர் முடிந்துவிட்டதென்று ரீவியில் சொன்னார்கள். அம்மா சோபாவில் இருந்து துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துவாய் வரை மடித்தார். பிறகு எல்லாவற்றையும் விரித்து, திரும்பவும் மடித்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா தேத்தண்ணீர் குடிக்க மேலே வந்தார். குசினி மேசையில் கிடந்த பல்வலி அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டே, "ஏன்டி இழுத்துக்கிட்டே போற? அவ சாகணும்ல இப்ப?" என்றார். சொன்ன பிறகுதான் அம்மா அடுப்படியில் நிற்பதைப் பார்த்தார். "ஐயோ, ஆன்ட்டி, கதையிலதான் சொன்னேன்..."

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார் அம்மா. "உங்கடை சண்டைக்குள்ளை ரீவியிலை கீழை நாலு முகம் வரும். நான் உடுப்புப் போட வரேக்கை ஒருநாள் பாத்தன், மூண்டுதான் நிண்டது." தேத்தண்ணீரை அக்காவுக்கு முன்னால் வைத்தார். "மகள் ஆட்டைத் தேடட்டும். நான் ஒண்டும் கேக்கேல்லை."

இரண்டு மாதமாக அம்மா அதைத் தெரிந்துகொண்டே, ஆடு கிடைத்ததோ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஜூனில் போன் வந்தது. முகாமிலிருந்து ஒரு பெண், சின்னம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "சனத்துக்குள்ளை நடந்து வந்தனாங்கள் அக்கா. அவ எனக்குப் பின்னுக்குத்தான் வந்தவ. தண்ணியைக் கடந்து இங்காலை வந்து திரும்பிப் பாத்தா, அவ இல்லை." அவர் அழுதார். அம்மாதான் அவரைத் தேற்றினார். "நீங்கள் என்ன செய்யிறது? உங்கடை பிள்ளையளைப் பாருங்கோ."

கண்டவர்கள் ஒருவரும் இல்லை, ஏதாவது முகாமில் இருக்கக்கூடும், செத்தவீடு செய்யக்கூடாது என்று அப்பா சொன்னார்.

சில நாட்களின் பின் காலையில் அம்மா என் மேசையடியில் வந்து நின்றார். சட்டைப் பையில் போன் இல்லை.

"உன்ரை வைத்தியக்காரியின்ரை முடிவை இனிக் கீறு."

"கேமிலை அவ ஒளியாப் போவா, அம்மா."

"அப்ப உடம்பு?"

"இருக்காது. மறைஞ்சிடும்."

"அது சரிவராது. உடம்பு இருக்கோணும். குளிப்பாட்டி, நல்ல சீலை உடுத்தி, வாய்க்கரிசி போட்டு அனுப்போணும். மூண்டு பேர் நிக்கினம்தானே, செய்யட்டும்." நான் கேட்காமலே மேலும் சொன்னார். "இது உன்ரை கதைப் பெட்டைக்கு."

"ஓம் அம்மா," என்றேன்.

குசினி மேசையில் வைத்து வரைந்தேன். குளிப்பாட்டுகிற பக்கம் வந்துவிட்டது, சீலையும் வந்துவிட்டது. வாய்க்கரிசிக் கட்டத்தில் திருடியின் கை பிழைத்தது. எதையோ எறிகிற கை போல இருந்தது. நான் அதுவரை ஒரு செத்தவீட்டுக்கும் போனதில்லை. அம்மா பார்த்துவிட்டு, "கை உப்பிடி வராது" என்றார். அரிசி வாளியைத் திறந்து கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்து, நான் வரைந்திருந்த முகத்துக்கு மேலே கையைப் பிடித்தார். விரல்கள் கீழ்நோக்கி, நெருங்கி, பெருவிரல் பக்கத்தில் கொஞ்சம் திறந்து.

"இப்பிடி. பாத்துக் கீறு."

அவர் கையைப் பார்த்து ஒவ்வொரு விரலாக வரைந்தேன். பக்டரியில் பெட்டி மடித்துத் தோல் வெடித்திருந்த விரல்கள். கேமில் அந்தத் திருடிக்குப் பதினேழு வயது; நான் அந்த வெடிப்புகளையும் வரைந்தேன். கால் மணி நேரமாவது இருக்கும், அம்மாவின் கை ஆடவில்லை. முடிந்தது என்று சொன்னேன். அவர் கையை எடுக்காமல் விரல்களை மெல்ல விரித்தார். அரிசி தாளில் விழுந்தது. மை முழுதாய்க் காய்ந்திருக்கவில்லை. இரண்டு மணிகள் வைத்தியக்காரியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன.

அவற்றை எடுத்த பிறகும் அடையாளம் இருந்தது. போட்டோக்கொப்பியிலும் விழுந்தது. அக்கா அந்தப் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஸ்ரேப்பிளரை எடுத்து, மூலத்தில் இல்லாத அந்த அத்தியாயத்துக்கு அவரே அடித்தார்.

தொடர் நிற்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில் மூன்று பேரும் மலைப் பாதையில் ஏறினார்கள். கேமில் போல வரிசையை நெருக்கவில்லை. மந்திரவாதிக்குப் பின்னால் நாலடி இடம் விட்டேன். அம்மாவின் விரல் வாள்காரனைக் கடந்து, திருடியைக் கடந்து, மந்திரவாதியைக் கடந்து, அந்த வெற்றிடத்தில் போய் நின்றது.

"இடம் விட்டிருக்கிறாய்."

"ஓம்."

பிறகு அம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"இண்டைக்கு அவைக்கு என்ன சமையல்?"